வரைய எந்த மென்பொருள்? ஆறு மாற்றிக் களைத்த பிறகு எழுதுகிறேன்

கணினியில் வரைய ஆரம்பித்த முதல் வருடத்தில் நான் ஆறு மென்பொருள் மாற்றினேன். அந்த வருடம் முழுதாக முடித்த படங்கள் நான்கு. யாராவது வரைந்த படம் ஒன்று கண்ணைப் பறிக்கும், அவர் எதில் வரைந்தார் என்று விசாரிப்பேன், அதையே இறக்கிக்கொள்வேன், பிரஷ் தேடுவதிலும் எந்தப் பொத்தான் எங்கே ஒளிந்திருக்கிறது என்று துழாவுவதிலும் இரண்டு வாரம் போகும், அப்புறம் "இது நமக்கு ஒத்துவராது" என்று அடுத்ததற்குத் தாவுவேன். நடுவில் ஒரு சந்தாவில் மாட்டிக் காசும் போனது. கடைசியில் எனக்குப் பிடிபட்ட வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதன்படி போனால் மூன்று வாரத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம், பலருக்குக் காசே செலவாகாது.

1. படம் எங்கே போய்ச் சேரும் என்று முதலில் எழுதுங்கள்

மென்பொருள் பெயர் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு தாளில் இரண்டே விஷயம் எழுதுங்கள்: அடுத்த ஆறு மாதத்தில் என்ன வரையப் போகிறீர்கள், அது கடைசியில் எங்கே போகும். "எல்லாமும் வரைவேன்" என்று எழுதினால் செல்லாது, நானும் அப்படித்தான் எழுதினேன்.

படம் திரையில் மட்டும்தான் பார்க்கப்படும் என்றால் கவலையில்லை, ஏறக்குறைய எந்த மென்பொருளும் போதும். அச்சுக்குப் போகும் என்றால் கணக்கு மாறுகிறது. அச்சில் தெளிவாக வர அங்குலத்துக்கு 300 பிக்சல், அதாவது 300 வண்ணப் புள்ளி, என்பது பொதுவான அளவு. அந்தக் கணக்கில் ஏ4 தாளுக்கு 2480 × 3508 பிக்சல் வேண்டும், ஏ3 தாளுக்கு 3508 × 4961. நான் முதன்முதலில் போஸ்டர் ஒன்றை 1000 பிக்சல் அகலத்தில் வரைந்து, திரையில் பளிச்சென்று தெரிந்த தைரியத்தில் ஏ3-யில் அச்சடித்தேன். அங்குலத்துக்கு 85 பிக்சல் சொச்சம்தான் வந்திருக்கிறது. முகத்தின் ஓரமெல்லாம் படிக்கட்டு. பிறகு பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வரைய ஆரம்பிக்கும்போதே அளவு சரியாக இருக்க வேண்டும்.

லோகோ, சின்னம், ஸ்டிக்கர் மாதிரி எந்த அளவுக்கும் பெரிதாக்க வேண்டிய வேலை என்றால் அது வெக்டர், அதாவது புள்ளிகளாக இல்லாமல் கணக்குப்படி அமைந்த கோடுகளாகச் சேமிக்கும் முறை. பிக்சலை வைத்து வரையும் மென்பொருளில் போய் லோகோ வரைந்து அவதிப்படாதீர்கள், அதற்கு இங்க்ஸ்கேப் இலவசமாகவே இருக்கிறது, காசு கொடுப்பதென்றால் இல்லஸ்ட்ரேட்டர். பல பக்கக் காமிக்ஸ் என்றால் பக்கங்களையெல்லாம் ஒரே கோப்பாகக் கையாளும் வசதி வேண்டும், அது இல்லாமல் நாற்பது கோப்பு வைத்துக்கொண்டு மாரடிப்பது கொடுமை. அசையும் படம் என்றால் டைம்லைன் வேண்டும், அதாவது எந்தப் படம் எந்த நொடியில் வரும் என்று வரிசைப்படுத்தும் பட்டை. புகைப்படங்களை வெட்டி ஒட்டி அதன்மேல் வரைவது உங்கள் பாணி என்றால் அது படத்தைத் திருத்தும் மென்பொருளின் வேலை, ஓவிய மென்பொருள் அதில் கொஞ்சம் திணறும்.

இந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நான்காவது படியில் திரும்ப வேண்டியிருக்கும்.

2. கையில் இருக்கும் இயந்திரம் தாங்குமா

ஐபேட் மட்டும் வைத்திருப்பவருக்கு ஒரு பட்டியல், விண்டோஸ் கணினிக்காரருக்கு வேறு பட்டியல். இதைப் பார்க்காமல் ஆசைப்படுவதால்தான் ஏமாற்று வேலைக்கு இடம் கிடைக்கிறது. உதாரணத்துக்கு, புரோகிரியேட் என்ற ஓவிய மென்பொருள் ஐபேடுக்கு மட்டுமே உள்ளது, ஐபோனுக்கு அதன் சின்ன வடிவம் ஒன்று உண்டு. விண்டோஸுக்கோ ஆண்ட்ராய்டுக்கோ கிடையாது. அந்தப் பெயரில் விண்டோஸுக்கு இறக்கச் சொல்லி எது வந்தாலும் அது போலி, தொடாதீர்கள். இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேடும்போது மேலே வரும் விளம்பரத்தை அழுத்தி எந்த மென்பொருளையும் இறக்காதீர்கள், தயாரித்தவரின் சொந்தத் தளம் அல்லது அதிகாரபூர்வ ஆப் ஸ்டோர், வேறெதுவும் வேண்டாம்.

அடுத்து நினைவகம், அதாவது ரேம். கொஞ்சம் கணக்குப் போடுவோம், பயப்பட வேண்டாம். ஏ4, 300 பிக்சல் என்றால் மொத்தம் சுமார் 87 லட்சம் பிக்சல். ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம், ஒளி ஊடுருவும் அளவு என நான்கு பைட். படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் மாதிரி வரைவோம், அந்த ஒவ்வொரு அடுக்கும் ஒரு லேயர். ஆக, முழுக்க வண்ணம் பூசிய ஒரு லேயருக்குச் சுமார் 35 எம்பி. நாற்பது லேயர் என்றால் 1.4 ஜிபி. 8 பிட்டுக்குப் பதில் 16 பிட் வண்ணம் தேர்ந்தெடுத்தால் இது இரட்டிப்பு. 300-ஐ 600 ஆக்கினால் நான்கு மடங்கு. பல மென்பொருள்கள் வரைந்த பகுதியை மட்டும் நினைவில் வைத்து இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் செய்ததைத் திரும்பப் பெறும் 'அண்டூ' வசதிக்காக ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைப்பதில் அந்த மிச்சம் கரைந்துவிடும். என் அனுபவத்தில் 8 ஜிபி ரேம் இருந்தால் ஏ4 அளவில் நிம்மதியாகக் கற்றுக்கொள்ளலாம், அச்சுக்கான பெரிய படங்களுக்கு 16 இருந்தால் நல்லது.

ஐபேடில் இதே விஷயம் வேறு வேடத்தில் வரும். புரோகிரியேட்டில் எத்தனை லேயர் கிடைக்கும் என்பது கேன்வாஸ், அதாவது வரையும் பரப்பின் அளவையும் அந்த ஐபேடின் நினைவகத்தையும் பொறுத்தது. பெரிய கேன்வாஸ் திறந்தால் லேயர் எண்ணிக்கை குறையும். பழைய ஐபேடில் ஏ3 திறந்து, கைவிரலில் எண்ணும் அளவுக்கு லேயர் கிடைத்து, கோட்டையும் வண்ணத்தையும் ஒரே லேயரில் போட்டுத் தொலைத்தவர்கள் உண்டு. புதிய கேன்வாஸ் உருவாக்கும் இடத்திலேயே அதிகபட்ச லேயர் எண்ணிக்கை தெரியும், முதலில் அதைப் பாருங்கள்.

கிரிட்டா என்ற இலவச ஓவிய மென்பொருளில் இழுவையாக இருந்தால் உடனே கணினியைத் திட்டாதீர்கள். இருக்கிற ரேமில் பாதியைத்தான் அது இயல்பாக எடுத்துக்கொள்ளும், அமைப்புகளில் செயல்திறன் பகுதிக்குப் போய் அந்த வரம்பைக் கூட்டலாம். பிரஷ் அளவு ஆயிரம் பிக்சலுக்கு மேல் வைத்துக்கொண்டு "ஸ்லோவாக இருக்கிறது" என்று புலம்பியவன் நான்.

3. காசு எப்படி வாங்குகிறார்கள்

புதியவர்கள் அதிகம் அடிபடும் இடம் இது, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முழு இலவசம் ஒரு வகை. கிரிட்டா, கிம்ப், இங்க்ஸ்கேப் எல்லாம் திறந்த மூல மென்பொருள்கள், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், காலக்கெடு கிடையாது, வரைந்ததை விற்கத் தடையும் கிடையாது. கிரிட்டாவைச் சில ஆப் ஸ்டோர்களில் விலை போட்டு விற்பதைப் பார்த்துக் குழம்பாதீர்கள், தளத்தில் இலவசமாகக் கிடைப்பதும் அதே மென்பொருள்தான், கொடுக்கும் காசு அதை வளர்க்கப் போகிறது, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி மட்டும் கூடுதல்.

கணக்குத் தொடங்கினால் இலவசம் என்பது இன்னொரு வகை. அடோபி ஃபிரெஸ்கோ என்ற ஓவிய மென்பொருள் 2024 அக்டோபரிலிருந்து இப்படி ஆனது. அஃபினிட்டி முன்பு ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் பொருளாக இருந்தது, 2024-ல் அதைத் தயாரித்த நிறுவனத்தைக் கேன்வா நிறுவனம் வாங்கியது, 2025 அக்டோபரில் புகைப்படம், வெக்டர், பக்க வடிவமைப்பு மூன்றையும் ஒன்றாக்கி இலவசமாக்கினார்கள், செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு மட்டும் சந்தா. பழைய கட்டுரைகளில் இன்னமும் பழைய விலையே இருக்கும், எனவே விலை விவரத்தை எப்போதும் தயாரிப்பாளரின் பக்கத்தில் மட்டும் பாருங்கள்.

ஒரே தடவை காசு கொடுப்பது மூன்றாவது. புரோகிரியேட், பெயின்ட் டூல் சாய் இந்த ரகம். கிளிப் ஸ்டூடியோ பெயின்ட்டும் விண்டோஸ், மேக் கணினிகளில் இப்படி வாங்கலாம், ஆனால் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஐபேட், ஆண்ட்ராய்டு, ஃபோன் என்றால் அதற்குச் சந்தா மட்டும்தான். கணினிக்கு வாங்கிய உரிமமும் 2023-ல் வந்த 2.0 பதிப்பிலிருந்து, நீங்கள் வாங்கிய அந்தப் பெரிய பதிப்புக்கு மட்டுமே. அடுத்த பெரிய பதிப்பு வேண்டுமென்றால் தனியாகக் கட்ட வேண்டும், வேண்டாமென்றால் பழையதிலேயே வரைந்துகொண்டிருக்கலாம். வருடத்தில் சில தடவை நல்ல தள்ளுபடி போடுவார்கள், அவசரம் இல்லாவிட்டால் காத்திருந்து வாங்குங்கள்.

கடைசி வகை சந்தா. ஃபோட்டோஷாப்பை இன்று சந்தாவில் மட்டுமே வாங்க முடியும். சந்தா என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை, மாதா மாதம் அதில் சம்பாதிக்கிறவருக்கு அது ஒரு செலவே இல்லை. சிக்கல் கட்டண முறையில் இருக்கிறது. நான் மாட்டிய கதையைச் சொல்கிறேன், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். திரையில் மூன்று விலை இருந்தது, நடுவில் இருந்த "மாதம் இவ்வளவு" என்பது குறைவாகத் தெரிந்தது, அழுத்திவிட்டேன். அது மாதச் சந்தா இல்லை. வருட ஒப்பந்தம், காசை மட்டும் மாதா மாதம் எடுப்பார்கள். நான்காவது மாதம் நிறுத்தப் போனபோது மிச்ச மாதங்களுக்காக ஒரு தொகையைக் கட்டு என்றது. எல்லாம் சின்ன எழுத்தில் எழுதித்தான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

ஆகவே அட்டை எண்ணைப் போடும் முன் நான்கு கேள்விக்குப் பதில் கண்டுபிடியுங்கள்: இது மாத ஒப்பந்தமா வருட ஒப்பந்தமா, நடுவில் நிறுத்தினால் என்ன கட்ட வேண்டும், முழுப் பணமும் திரும்பக் கிடைக்க எத்தனை நாள் அவகாசம், சோதனைக் காலம் முடிந்ததும் தானாகக் காசு எடுப்பார்களா. ஃபோட்டோஷாப்பின் வழக்கமான சோதனைக் காலம் 7 நாள். ஏழாம் நாள் ராத்திரி நிறுத்திக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், மறந்துபோகும். சோதனையைத் தொடங்கிய நிமிடமே ஃபோனில் ஐந்தாம் நாளுக்கு ஒரு அலாரம் வையுங்கள். ரத்து செய்ததும் வரும் உறுதி மின்னஞ்சலை அழிக்காதீர்கள், அந்த மின்னஞ்சல் வரவில்லை என்றால் ரத்து ஆகவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

திருட்டுப் பதிப்பைப் பற்றி ஒரே வரி: அதோடு சேர்ந்து வரும் வைரஸ் உங்கள் படங்களைப் பூட்டிவைத்துக் காசு கேட்கும்போது, சந்தா மலிவாகத் தெரியும்.

4. இரண்டே இரண்டு பெயரைத் தேர்ந்தெடுங்கள்

முதல் படியில் எழுதிய தாளை இப்போது எடுங்கள். எல்லாவற்றையும் இறக்காதீர்கள், இரண்டு போதும், அதில் ஒன்றாவது இலவசமாக இருக்கட்டும். என் பார்வையில் இப்படி:

கணினியில் ஓவியம் கற்கப் போகிறீர்கள், கையில் காசு இல்லை: கிரிட்டா. யோசிக்கவே வேண்டாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் உண்டு, ஐபேடில் கிடையாது. நூற்றுக்கு மேல் பிரஷ் கூடவே வருகிறது, கோட்டு நடுக்கத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறது, அச்சுக்கான வண்ண முறையில் வேலை செய்யலாம், கையால் வரையும் அனிமேஷனும் செய்யலாம். முதலில் திறக்கும்போது பேனல்களைப் பார்த்துத் தலை சுற்றும். லேயர், பிரஷ், வண்ணச் சக்கரம், இந்த மூன்றைத் தவிர மற்ற பேனலை மூடிவிடுங்கள்.

காமிக்ஸ், மங்கா, கோட்டோவியம் என்றால் கிளிப் ஸ்டூடியோ பெயின்ட். பேச்சுக் குமிழி, கட்டம் பிரிப்பது, போட்ட கோட்டைப் பிறகு இழுத்துத் திருத்துவது எல்லாம் அதில் கைக்கு அடக்கமாக இருக்கும். புரோ, இஎக்ஸ் என்று இரண்டு உண்டு. பல பக்கங்களை ஒரே கோப்பாக வைக்கும் வசதி இஎக்ஸில்தான் இருக்கிறது, புரோவில் அனிமேஷனும் 24 ஃபிரேமோடு நின்றுவிடும். புரோ வாங்கிவிட்டுப் பிறகு இஎக்ஸுக்கு மாற வழி இருப்பதால் ஒற்றைப் படம் வரைபவர்கள் புரோவில் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

ஐபேடும் ஆப்பிள் பென்சிலும் இருக்கிறதா? புரோகிரியேட். கற்க ஒரு மாலை போதும், வரைவதைத் தானாகவே வீடியோவாகப் பதிவு செய்துவைக்கும். அதற்குச் சோதனைப் பதிப்பு கிடையாது என்பதால் முதலில் ஃபிரெஸ்கோவில் ஒரு வாரம் வரைந்து, ஐபேடில் வரைவது உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். கண்ணாடி மேல் வழுக்கிக்கொண்டு போகும் பேனா எல்லோருக்கும் பிடிப்பதில்லை. ஃபிரெஸ்கோவின் நீர்வண்ணம் தாளில் பரவுவது மாதிரியே பரவும், அதற்காகவே அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஃபோன் மட்டும்தான் என்றால் ஐபிஸ் பெயின்ட். விளம்பரம் தொந்தரவு செய்யும், ஆனால் லேயர், கலப்பு முறைகள் (மேல் லேயரின் நிறம் கீழ் லேயரோடு எப்படிக் கலக்க வேண்டும் என்ற தேர்வு), கோட்டு நடுக்கக் குறைப்பு எல்லாம் இருக்கின்றன. ஃபோனில் வரைவது விளையாட்டு என்று யாராவது சொன்னால் பதில் சொல்லாமல் வரைந்துகொண்டிருங்கள்.

புகைப்படத்தோடு கலந்து வேலை என்றால் ஃபோட்டோஷாப் இன்னும் முன்னால் நிற்கிறது. ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேரும் எண்ணம் இருந்தாலும் அதைப் படித்துவைப்பது நல்லது, ஏனென்றால் அவர்கள் கோப்புகள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். இலவசத்தில் கிம்ப் இருக்கிறது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில்தான் ஃபில்டரை (மங்கலாக்குவது, கூர்மையாக்குவது மாதிரி விளைவுகளை) போட்ட பிறகும் திரும்பப் போய்த் திருத்தும் வசதி அதற்குக் கிடைத்தது, அதற்கு முந்தைய பதிப்பை வைத்துப் போட்ட வீடியோக்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆனால் வெறும் ஓவியம் வரைய கிம்பை நான் பரிந்துரைக்க மாட்டேன், வரையலாம், கிரிட்டா இலவசமாக இருக்கும்போது எதற்கு?

படத்துக்குள் தமிழ் எழுத்து போடப் போகிறவர்கள் இதையும் சேர்த்துச் சோதியுங்கள். "கொ", "கௌ", "ஸ்ரீ" மூன்றையும் தட்டிப் பாருங்கள், கொம்பு தனியாகக் கழன்று எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் அந்த மென்பொருள் தமிழை ஒழுங்காகக் கோக்கவில்லை என்று பொருள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குப் போய் 'வேர்ல்டு ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் சரியாக வரும், இது தெரியாமல் ஒவ்வொரு எழுத்தாக வெட்டி ஒட்டி ஒரு அட்டைப்படம் முடித்தேன். இங்க்ஸ்கேப்பும் கிம்பும் யூனிகோட் தமிழை நன்றாகவே காட்டும். ஓவிய மென்பொருள் சொதப்பினால் வசனத்தை மட்டும் இங்க்ஸ்கேப்பில் தட்டி பிஎன்ஜி படக் கோப்பாகக் கொண்டுவந்து மேலே வைத்துவிடுங்கள், வேலை முடிந்தது.

5. பேனா சரியாக வேலை செய்கிறதா

முதல் நாளே பலர் மென்பொருளை வெறுத்து அழிப்பதற்குக் காரணம் மென்பொருளே இல்லை, கணினியோடு இணைத்து வரையும் பேனா டேப்லெட்டின் டிரைவர், அதாவது அந்தப் பலகையையும் கணினியையும் பேசவைக்கும் சின்ன மென்பொருள். அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் கோடு ஒரே தடிமனாக வருகிறதா? பேனாவை ஊன்றினால் ஒரு வட்டம் தோன்றி, கோடு தாமதமாகத் தொடங்குகிறதா? விண்டோஸில் டேப்லெட் பேசுவதற்கு விண்டோஸ் இங்க், வின்டேப் என்று இரண்டு மொழி உண்டு. டிரைவர் ஒன்றில் பேச, மென்பொருள் இன்னொன்றில் காது கொடுத்துக்கொண்டிருந்தால் அழுத்தம் போய்ச் சேராது. கிரிட்டாவிலும் கிளிப் ஸ்டூடியோவிலும் டேப்லெட் அமைப்பில் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், ஃபோட்டோஷாப் இயல்பாக விண்டோஸ் இங்க்கை எதிர்பார்க்கும். டேப்லெட் டிரைவரிலும் அதே பெயரில் ஒரு டிக் பெட்டி இருக்கும். இரண்டையும் ஒன்றாக வைத்து மென்பொருளை மூடித் திறங்கள். அப்போதும் வரவில்லை என்றால் முன்பு வைத்திருந்த வேறு கம்பெனி டேப்லெட்டின் டிரைவர் இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். இரண்டு டிரைவர் ஒரே கணினியில் இருந்தால் சண்டைதான், பழையதை நீக்கிவிட்டுக் கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

இது எனக்கு மூன்று நாள் தின்றது. உங்களுக்கு அரை மணி நேரம் போதும்.

6. இரண்டு வாரச் சோதனை

சோதனைக் காலத்தில் எல்லோரும் செய்யும் தப்பு, பிரஷ்களை ஒவ்வொன்றாகக் கிறுக்கிப் பார்ப்பது. நன்றாகத்தான் இருக்கும், அதில் எதுவும் தெரியவராது. ஒரே படத்தை இரண்டு மென்பொருளிலும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வரையுங்கள். சின்னப் படமாக இருக்கட்டும், ஒரு ஆள், ஒரு பின்னணி, அவ்வளவு. முதல் வாரம் ஒன்றில், இரண்டாம் வாரம் மற்றதில். கிறுக்கல், கோடு, வண்ணம், நிழல், திருத்தம், ஏற்றுமதி என்று எல்லாக் கட்டத்தையும் தொட வேண்டும், ஏனென்றால் எரிச்சல் ஒளிந்திருப்பது கடைசி இரண்டு கட்டத்தில். முதல் நாளில் எல்லா மென்பொருளும் நல்ல பிள்ளைதான்.

வரையும்போது பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு, "இது எங்கே இருக்கிறது" என்று வலையில் தேடப் போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்கள். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே கோடு குறைந்தால் நீங்கள் பழகிக்கொண்டிருக்கிறீர்கள். குறையவே இல்லை என்றால் அது உங்கள் தலைக்கு ஒத்த அமைப்பு இல்லை. இரண்டாவதாகச் சோதிப்பதற்குக் கொஞ்சம் சலுகை போய்ச் சேரும், முதல் வாரத்தில் கற்றது கைகொடுக்குமே, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக் காலம் 7 நாள்தான் என்றால், விடுமுறை உள்ள வாரமாகப் பார்த்துத் தொடங்குங்கள், வேலைக்கு நடுவே தொடங்கினால் இரண்டு மணி நேரம் வரைந்ததோடு கெடு முடிந்துவிடும்.

அச்சு உங்கள் இலக்கு என்றால் இந்தக் காலத்திலேயே ஒரு தடவை அச்சடித்துப் பார்த்துவிடுங்கள். திரையில் கண்ணைக் கூசும் பச்சையும் மின்னும் நீலமும் தாளில் மங்கித்தான் வரும், அச்சு இயந்திரம் கலக்கும் நான்கு மையில் அந்த நிறங்கள் கிடையாது. கிரிட்டா, ஃபோட்டோஷாப் இரண்டிலும் அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே ஒத்திகை பார்க்கும் வசதி இருக்கிறது. அச்சகத்தாரிடம் முன்கூட்டியே மூன்று விஷயம் கேளுங்கள்: என்ன கோப்பு வடிவம், எந்த வண்ண புரொஃபைல் (அந்த இயந்திரம் நிறங்களை எப்படிக் காட்டும் என்ற கோப்பு), வெட்டுவதற்காக ஓரத்தில் எவ்வளவு கூடுதலாக விட வேண்டும். பொதுவாக 3 மில்லிமீட்டர் கேட்பார்கள், ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. நாளைக்கு வேறொன்றுக்கு மாறினால் படங்கள் கூட வருமா

ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு கோப்பு வடிவம் வைத்திருக்கும், அதை அடுத்தவர் திறக்க மாட்டார். சந்தா நின்ற பிறகு படம் உங்களுடையதுதான், ஆனால் திறக்க முடியாத பெட்டிக்குள் இருக்கும். அதனால் முடித்த ஒவ்வொரு படத்தையும் மூன்று வடிவத்தில் சேமியுங்கள்: அந்த மென்பொருளின் சொந்த வடிவம், லேயரோடு கூடிய பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்பின் கோப்பு வடிவம்), லேயர்களெல்லாம் ஒன்றான தட்டையான பிஎன்ஜி. ஜேபெக்கைச் சேமிப்புக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் தரம் கொஞ்சம் உதிரும்.

பிஎஸ்டி-யில் எல்லாமே அப்படியே வரும் என்றும் நம்பிவிடாதீர்கள். லேயர்கள், அவற்றின் பெயர், வழக்கமான கலப்பு முறைகள் பெரும்பாலும் தப்பிக்கும். எழுத்து, வெக்டர் கோடு, ஃபில்டர் லேயர் இவைதான் உடையும் அல்லது வெறும் பிக்சலாகிவிடும். வாங்கும் முன்பே இதைச் சோதித்துவிடலாம், பத்து நிமிட வேலை. ஐந்து லேயர் உள்ள ஒரு கோப்பு செய்யுங்கள், ஒன்றில் கோடு, ஒன்றில் வண்ணம், ஒன்றில் மல்டிப்ளை (கீழே இருப்பதை இருட்டாக்கும் கலப்பு முறை) நிழல், ஒன்றில் கீழ் லேயருக்குள் அடங்கும் கிளிப்பிங், ஒன்றில் எழுத்து. பிஎஸ்டி-யாக ஏற்றுமதி செய்து மற்றொன்றில் திறந்து பாருங்கள். இரண்டாவது மென்பொருள் இல்லை என்றால் உலாவியிலேயே இயங்கும் ஃபோட்டோபீ போதும், இலவசமாகத் திறந்து காட்டும். பிஎஸ்டி-க்கு ஒரு பக்கம் 30,000 பிக்சல், கோப்பு 2 ஜிபி என்று வரம்பு இருக்கிறது. செங்குத்தாக நீளும் காமிக்ஸ் வரைபவர்கள் முழு அத்தியாயத்தையும் ஒரே கோப்பில் வைத்தால் இந்தச் சுவரில் முட்டுவீர்கள், பிரித்து வையுங்கள்.

8. எடுத்துவைக்க வேண்டிய காகிதங்கள்

சலிப்பான வேலை, ஆனால் ஒரே ஒரு ஃபோல்டர் போதும். வாங்கிய ரசீது, உரிம எண், எந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கினீர்கள் என்ற குறிப்பு, ஒரு உரிமத்தை எத்தனை கணினியில் போடலாம் என்ற விவரம். பழைய கணினியை விற்கும் முன் அதில் உரிமத்தை விடுவித்துவிட்டு விற்கவும், இல்லையென்றால் புதிய கணினியில் "எண்ணிக்கை முடிந்தது" என்று கதவைச் சாத்தும்.

மாணவர் சலுகை வாங்குவதாக இருந்தால் கல்வி நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரி இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். இல்லையென்றால் தேதி தெரியும்படியான அடையாள அட்டையோ சேர்க்கைக் கடிதமோ கேட்பார்கள், சரிபார்க்கச் சில நாள் ஆகலாம் என்பதால் சோதனைக் காலம் முடிவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். இரண்டு விஷயத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்: சலுகை விலை எத்தனை மாதத்துக்கு, அதற்குப் பிறகு எந்த விலைக்குத் தாவும். சில மென்பொருள்களின் மாணவர் பதிப்பில் வரைந்ததை விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கும்.

இன்னொன்று, மென்பொருள் உரிமம் வேறு, அதில் நீங்கள் கொண்டுவந்து போடும் பிரஷ், எழுத்துரு, டெக்ஸ்ச்சர் ஆகியவற்றின் உரிமம் வேறு. இலவசமாகக் கிடைத்த எழுத்துரு பலவற்றில் "சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்று எழுதியிருக்கும். ஒரு புத்தக அட்டை முடித்துக் கொடுத்த பிறகு அவர்கள் எழுத்துருவின் உரிமம் கேட்டார்கள், என்னிடம் எங்கே இறக்கினேன் என்ற நினைவுகூட இல்லை, அட்டையின் தலைப்பை மறுபடி கையால் எழுதிக் கொடுத்தேன். இப்போது எதை இறக்கினாலும் அதனுடன் வரும் உரிமக் கோப்பையும், இறக்கிய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் தேதியோடு அதே ஃபோல்டரில் போட்டுவைக்கிறேன்.